கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் கிட் 600 பீஸ்: ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

டப்பா கைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. வந்த அன்னைக்கே எழுதியிருக்கலாம், ஆனா ரெசிஸ்டர் (கரன்ட் ஓட்டத்த மட்டுப்படுத்துற சின்ன பாகம்) மாதிரி பொருளுக்கு முதல் நாள் ரிவ்யூ எதுக்கும் உதவாது. முதல் நாள் எல்லா ரெசிஸ்டரும் நல்லாத்தான் இருக்கும், சூட்டுலயும் ஈரத்துலயும் லோடுலயும் நாலு மாசம் கெடந்த அப்புறம்தான் அது யாருன்னு தெரியும். அதனால பொறுமையா யூஸ் பண்ணி, அளந்து, சிலத வேணும்னே கருக்கி, சிலத பிளேடால சொரண்டி உள்ள பாத்துட்டு இப்ப எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கிட் என்னன்னா, கால் வாட், 5 சதவீதம் டாலரன்ஸ், கார்பன் ஃபிலிம், 30 வேல்யூ, ஒவ்வொன்னுலயும் 20 பீஸ், மொத்தம் 600. 10 ஓம்ல ஆரம்பிச்சு 1 மெக் (10 லட்சம் ஓம்) வரைக்கும். எல்லாம் பேப்பர் டேப்புல வரிசையா ஒட்டி, வேல்யூ எழுதின சின்ன கவர்ல போட்டு வருது. பாடி கலர் அந்த வெளிர் பழுப்பு, பழைய ரேடியோ போர்டுல பாத்திருப்பீங்களே அதே கலர். நீல கலர்ல, வேல்யூவ சொல்ற கலர் கோடு அஞ்சு போட்டு வந்தா அது பெரும்பாலும் மெட்டல் ஃபிலிம், இந்த பழுப்பு பாடி நாலு கோடு வந்தா பெரும்பாலும் கார்பன் ஃபிலிம். கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும், அதனால கலர மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க.

இதுக்கு ஏன் இவ்ளோ பெருசா ரிவ்யூன்னு கேக்கலாம். கார்பன்னாலே பழசு, மட்டம், மெட்டல் ஃபிலிம் இருக்கும்போது இத எவன் வாங்குவான்னு எங்க பாத்தாலும் எழுதுறாங்க. அது பாதி உண்மை. மீதி பாதிய யாருமே சொல்லித் தர்றதில்ல, எனக்கு அதுதான் ஆதங்கம். கரிக்கு ஒரு குணம் இருக்கு, அத புரிஞ்சுக்கிட்டா எங்க போடலாம் எங்க போடக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க.

முதல்ல அளவு. 1 கே (1000 ஓம்) கவர்ல இருந்த 20 பீஸையும் ஒவ்வொன்னா அளந்தேன். 5 சதவீதம்னா 950ல இருந்து 1050 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், நானும் அப்டித்தான் செதறி கெடக்கும்னு நெனச்சேன். ஆனா 20ம் 984க்கும் 993க்கும் நடுவுல வந்து உக்காந்துருச்சு. அதாவது எல்லாமே கொஞ்சம் கம்மி, ஆனா ஒன்னுக்கொன்னு ரொம்ப நெருக்கம். ஒரே மெஷின்ல ஒரே ஓட்டத்துல செஞ்சது அப்டித்தான் இருக்கும். இது பெரிய விஷயம், ஏன்னா ரெண்டு ரெசிஸ்டர் ஒரே மாதிரி இருந்தா போதும், வேல்யூ துல்லியமா 1000 இருக்கணும்னு இல்லைங்கற சர்க்யூட்டுக்கு ஒரே டேப்புல பக்கத்து பக்கத்துல இருக்குறத எடுத்து போட்டா நல்லாவே ஒத்துப்போகும். அடுத்த டப்பாலயும் இதே அளவு வரும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

அளக்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. 10 ஓம் மாதிரி சின்ன வேல்யூ அளக்கும்போது மொதல்ல ரெண்டு புரோபையும் சேத்து வச்சு மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க, என்னோடது 0.3 காட்டும், அத கழிக்கணும். 1 மெக் அளக்கும்போது ரெண்டு கையாலயும் ரெசிஸ்டரோட ரெண்டு கம்பிக் காலையும் புடிச்சுக்கிட்டு அளந்தா உங்க ஒடம்பும் பேரலல்ல சேந்துரும், எனக்கு ஒரு தடவ 640 கே காட்டுச்சு, கிட்டே டூப்புன்னு கோவப்பட்டேன், அப்புறம்தான் கைய எடுத்துட்டு டேபிள்ல வச்சு அளந்தா 983 கே. இந்த கிட்டுக்கு ஒரு ஸ்டார் போட்ட சில பேரு இதத்தான் பண்ணியிருப்பாங்கன்னு எனக்கு சந்தேகம்.

இப்ப உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இதுதான். ஒரு 1 கே எடுத்து பிளேடால மேல இருக்குற பெயின்ட்ட மெதுவா சொரண்டுனேன். வெளிய பழுப்பு, அதுக்கு கீழ நல்ல கருப்பு, பென்சில் தேச்ச மாதிரி ஒரு மினுமினுப்பு. லென்ஸ் வச்சு பாத்தா அந்த கருப்பு மேல ஒரு வெள்ள கோடு சுருள் சுருளா ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் சுத்திக்கிட்டே போகுது, ஸ்க்ரூல மரை இருக்குமே அது மாதிரி. வெள்ளையா தெரியறது செராமிக் குச்சி, கருப்பு அது மேல படிஞ்ச கரி. செய்யற விதம் இப்டி: செராமிக் குச்சிகள காத்து இல்லாத சூளையில வச்சு 1000 டிகிரி பக்கத்துல சூடு பண்ணி மீத்தேன் மாதிரி ஹைட்ரோகார்பன் வாயுவ விடுவாங்க, அந்த சூட்டுல வாயு ஒடஞ்சு அதுல இருக்குற கரி குச்சி மேல மெல்லிசா படியும். அடுப்புல பாத்திரத்தோட அடியில கரி புடிக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான், இங்க கட்டுப்பாட்டோட நடக்குது. அப்புறம் ரெண்டு பக்கமும் மெட்டல் தொப்பி மாட்டி, சுருளா ஒரு பள்ளம் வெட்டுவாங்க. பள்ளம் வெட்ட வெட்ட கரன்ட் போற பாத நீளமாவும் ஒடுக்கமாவும் ஆகுது, ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கிட்டே வரும், வேண்டிய வேல்யூ வந்ததும் வெட்டறத நிறுத்திருவாங்க. கடைசியில பெயின்ட் பூசி கோடு போட்டு வெளிய அனுப்புறாங்க.

இத கண்ணால பாக்கணும்னு மீட்டர்ல மாட்டி வச்சுக்கிட்டே உப்புத்தாளால அந்த கரிய லேசா தேச்சேன். 992ல இருந்தது 1040 ஆச்சு, இன்னும் கொஞ்சம் தேச்சா 1180, அப்புறம் ஒரு இழுப்புல ஓபன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் நம்பர் ஏறுறத பாக்குறப்போ, ஸ்கூல்ல படிச்ச நீளம் பரப்பளவு ஃபார்முலா அப்பதான் உண்மையிலேயே மண்டையில ஏறுச்சு. பசங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தர்றவங்க இத ஒரு தடவ பண்ணிக் காட்டுங்க, ஒரு ரெசிஸ்டர்தானே போகும்.

அடுத்தது சூடு. கார்பன்ல எல்லாரும் கொற சொல்ற எடம் இதுதான், அந்த கொறை நெசம்தான். 100 கே ஒன்ன மீட்டர்ல மாட்டி, சால்டரிங் அயர்ன் முனைய தொடாம ஒரு சென்டிமீட்டர் தள்ளி புடிச்சேன். 97.9ல இருந்தது மெதுவா எறங்கி 94.3 வந்துச்சு. அயர்ன எடுத்ததும் திரும்ப ஏறி பழைய எடத்துக்கு வந்துருச்சு. அதே மாதிரி நீல மெட்டல் ஃபிலிம் 100 கே பண்ணா 100.1ல இருந்து 100.4, அவ்ளோதான். மெட்டல்ல சூடு ஏறுனா அணுக்கள் அதிகமா ஆடும், எலக்ட்ரான் போறதுக்கு தடங்கல் ஜாஸ்தியாகும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். கரியில தலகீழ், சூடு ஏறுனா கரன்ட சொமந்துட்டு போற எலக்ட்ரான்களே கூடுது, அதனால ரெசிஸ்டன்ஸ் எறங்குது. கார்பன் ஃபிலிம்ல இது ஒரு டிகிரிக்கு 200ல இருந்து 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தன பங்குன்னு அர்த்தம்) வரைக்கும் போகும், வேல்யூ பெருசாக ஆக இதுவும் பெருசாகும். சாதாரண மெட்டல் ஃபிலிம்ல 50, 100 பிபிஎம்தான். எடிசன் 1879ல எரிய வச்ச பல்புல இருந்ததும் கரி இழைதான், அது குளிர்ந்து இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, எரியும்போது கம்மி. நம்ம பாத்த டங்ஸ்டன் பல்பு அப்டியே எதிர், எரியும்போது 10 மடங்குக்கு மேல ஏறிடும்.

இதனால நடைமுறையில என்னன்னா, எல்இடிக்கு இத தாராளமா போடலாம். 5 வோல்ட்ல செவப்பு எல்இடி, அது 2 வோல்ட் எடுத்துக்கும், மீதி 3 வோல்ட், 330 ஓம் போட்டா 9 மில்லிஆம்ப். ரெசிஸ்டர் 5 சதவீதம் தப்பா இருந்தா 9 வந்து 9.5 ஆகும், எந்த கண்ணும் கண்டுபுடிக்காது. புல்அப் (சிக்னல் கம்பிய சும்மா இருக்கும்போது ஹைல புடிச்சு வைக்கிறது), டிரான்சிஸ்டர் பேஸ், ரிலே டிரைவர் எல்லாத்துக்கும் இதே கததான். 555 டைமர் ஐசி வச்சு லைட் மினுக்குறதுக்கும் ஓகே, ஏன்னா அங்க இருக்குற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரே 20 சதவீதம் முன்ன பின்ன இருக்கும், அத விட்டுட்டு ரெசிஸ்டர் மேல பழி போடக்கூடாது. ஆனா பேட்டரி வோல்டேஜ் அளக்க டிவைடர் (ரெண்டு ரெசிஸ்டர வச்சு வோல்டேஜ பங்கு பிரிக்கிறது) போடுறீங்களா, தெர்மிஸ்டர் (சூட்டுக்கேத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற சென்சார்) கூட சேத்து டெம்பரேச்சர் பாக்குறீங்களா, பவர் சப்ளைல வோல்டேஜ் செட் பண்ற எடமா, அங்க இந்த கிட்ட தொடாதீங்க. நான் தொட்டேன். பேட்டரி சார்ஜ் கட்ஆஃப் போர்டு ஒன்னுல டிவைடருக்கு இதுல இருந்து மேல 100 கே கீழ 22 கே எடுத்து போட்டேன், காலைல ஒரு எடத்துல கட்ஆஃப் ஆகுது, பக்கத்துல இருக்குற ஹீட்சிங்க் சூடாகி ஒரு மணி நேரம் கழிச்சு வேற எடத்துல ஆகுது. ரெண்டும் ஒரே மாதிரி கார்பன்தானே, ரெண்டும் சேந்து எறங்குனா விகிதம் மாறாதேன்னு நெனச்சிருந்தேன். ஆனா 100 கே ஹீட்சிங்க் பக்கத்துல இருந்துச்சு, 22 கே தள்ளி இருந்துச்சு, போதாததுக்கு பெரிய வேல்யூக்கு சூட்டுல மாற்றமும் ஜாஸ்தி. ரெண்டு நாள் தேடுனேன். மெட்டல் ஃபிலிம் மாத்துனதும் சரியாப்போச்சு.

சத்தம் பத்தியும் சொல்லணும், ஆடியோ பண்றவங்க முக்கியமா கேப்பாங்க. ரெசிஸ்டர்ல ரெண்டு வித சத்தம் இருக்கு. ஒன்னு சூட்டுனால வர்றது, 1928ல பெல் லேப்ஸ்ல ஜான்சன் அளந்து எழுதுனது, நைக்விஸ்ட் கணக்கு போட்டு விளக்குனது. அது கரியா இருந்தாலும் மெட்டலா இருந்தாலும் தங்கமா இருந்தாலும் ஒரே ரெசிஸ்டன்ஸ், ஒரே டெம்பரேச்சர்னா ஒரே அளவுதான், அதுல தப்பிக்க வழியில்ல. ரெண்டாவதுதான் கரியில ஜாஸ்தி. கரன்ட் ஓடும்போது மட்டும் வரும், ரெசிஸ்டருக்கு குறுக்க எவ்ளோ டிசி வோல்டேஜ் நிக்குதோ அதுக்கேத்த மாதிரி ஏறும், கீழ் ஸ்தாயில ஜாஸ்தியா இருக்கும். கரித்துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இருக்குற தொடுப்பு நிலையா இல்லாம நொடிக்கு நொடி மாறுறதுதான் காரணம்.

எலக்ட்ரெட் மைக் பிரீஆம்ப் (மைக்கோட மெல்லிசான சிக்னல மொதல்ல பெருசாக்குற சர்க்யூட்) ஒன்னு கட்டுனேன், மைக்குக்கு கரன்ட் குடுக்குற 10 கே இந்த கிட்ல இருந்து. ஹெட்போன் மாட்டி கெயின முழுசா ஏத்துனா ஸ்ஸ்ஸ்னு வர்ற சத்தத்துக்கு அடியில எண்ணெயில ஏதோ பொரியுற மாதிரி ஒரு கரகரப்பு. மெட்டல் ஃபிலிம் மாத்துனேன், ஸ்ஸ்ஸ் அப்டியே இருந்துச்சு, பொரியல் கொறஞ்சுருச்சு. பெரிய வித்தியாசம்னு சொல்ல மாட்டேன், ஆனா காது கேட்டுச்சு. அதே எடத்துல பழைய கார்பன் கம்போசிஷன் (உள்ள முழுக்க கரிக்கலவையா இருக்குற வகை, பின்னாடி சொல்றேன்) ஒன்ன போட்டு பாத்தேன், அப்ப யார கூப்ட்டு கேக்கச் சொன்னாலும் தெரிஞ்சது. ஒரு விஷயம் கவனிங்க, டிசி கரன்ட் ஓடாத எடத்துல இந்த ரெண்டாவது சத்தம் கெடையாது, அதனால ஆம்ப்ல இருக்குற எல்லா கார்பனையும் புடுங்கிப் போட வேண்டிய அவசியமே இல்ல, மொத ஸ்டேஜ்ல கரன்ட் ஓடுற ரெண்டு மூணு எடம் மாத்துனா போதும்.

அந்த நிலையில்லாத தொடுப்ப வச்சுத்தான் எடிசன் 1877ல டெலிபோனுக்கு கரி டிரான்ஸ்மிட்டர் செஞ்சாரு. குரல் அமுத்துற அழுத்தத்துல கரியோட தொடுப்பு மாறும், ரெசிஸ்டன்ஸ் மாறும், கரன்ட் குரல் மாதிரியே ஆடும். பின்னாடி கரித்துகள் அடச்ச மைக்கா மாறி பல பத்து வருஷம் உலகம் பூரா டெலிபோன் அதுலதான் பேசுச்சு. நம்ம ஆம்ப்ல கொறைன்னு திட்டுற அதே குணம்.

கம்போசிஷன் பத்தி பேச்சு வந்துருச்சு, அதையும் சொல்லிடுறேன், ஏன்னா கார்பன் ரெசிஸ்டர்னு சொன்னா பல பேரு ரெண்டையும் ஒன்னா போட்டு கொழப்பிக்குறாங்க. ஃபிலிம்ல கரி வெறும் தோல்தான். கம்போசிஷன்ல உள்ள முழுக்க கரி: கரிப்பொடி, செராமிக் பொடி, ஒட்டுறதுக்கு ரெசின், மூணையும் கலந்து அமுக்கி உருளையாக்கி ரெண்டு பக்கமும் கம்பி சொருகியிருப்பாங்க. கரி ஜாஸ்தி போட்டா ஓம் கம்மி, செராமிக் பொடி ஜாஸ்தி போட்டா ஓம் ஜாஸ்தி, மாவு பெசையற கணக்குதான். பழைய வால்வு ரேடியோல உருளையா மொழுமொழுன்னு இருக்குறதுதான் இது, 10 சதவீதம் 20 சதவீதம் டாலரன்ஸ் எல்லாம் அப்ப சகஜம். இத செஞ்ச ஆலன் பிராட்லி கம்பெனி பேர பழைய ஆளுங்க இன்னைக்கும் பிரியத்தோட சொல்லுவாங்க. அந்த கம்பெனி 1903ல ஆரம்பிச்சதே கரி வச்சுத்தான், லிண்ட் பிராட்லி செஞ்ச கரி வட்டுகள அடுக்கி அமுக்குற ரியோஸ்டாட் (ரெசிஸ்டன்ஸ ஏத்தி எறக்கற கருவி). அமுக்குனா ரெசிஸ்டன்ஸ் எறங்கும், லூஸ் விட்டா ஏறும், மோட்டார் வேகத்த கட்டுப்படுத்த அது. கார் பேட்டரிய லோடு போட்டு டெஸ்ட் பண்ற சில மெஷின்ல இன்னைக்கும் இதே கரி அடுக்கு இருக்கும், திருகு திருக திருக நூத்துக்கணக்கான ஆம்ப் இழுக்கும்.

கம்போசிஷனோட பெரிய கொறை ஈரம். ரெசின் ஈரத்த உறிஞ்சி லேசா ஊதும், துகள்கள் ஒன்னவிட்டு ஒன்னு வெலகும், வேல்யூ ஏறும். ஒரு பழைய வால்வு ரேடியோ பாத்தேன், 220 கேன்னு கோடு போட்டது 310 கே காட்டுச்சு, 47 கே 61 கே. எதுவும் கருகல, பாக்க புதுசு மாதிரி இருக்கு. அதனால பழைய செட் ரிப்பேர் பண்றவங்க கண்ணால பாத்து விட்டுராதீங்க, ஒரு கால கழட்டி ஒவ்வொன்னா அளங்க.

ஆனா ஒரு எடத்துல கம்போசிஷன அடிச்சுக்க ஆளே இல்ல. ஒரு போர்டுல 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர 300 வோல்ட் வரைக்கும் ஏத்தி ஒரு 100 ஓம் வழியா டிஸ்சார்ஜ் பண்ணனும். கணக்கு போட்டா கெபாசிட்டர்ல இருக்குறது 4.5 ஜூல், டிஸ்சார்ஜ் ஆகுற மொத நொடிப்பொழுதுல 3 ஆம்ப், அதாவது 900 வாட், பத்து மில்லிசெகண்ட்ல பெரும்பகுதி முடிஞ்சுரும். சராசரி பாத்தா ஒன்னுமே இல்ல, நிமிஷத்துக்கு ஒரு தடவதான், 1 வாட் கார்பன் ஃபிலிம் போதும்னு போட்டேன். முப்பது நாப்பது தடவ தாங்குச்சு, அப்புறம் 100 ஓம் 118 ஆச்சு, ரெண்டு நாள்ல ஓபன். சொரண்டி பாத்தா அந்த சுருள் கோட்டுல ஒரே எடத்துல மட்டும் கரி எரிஞ்சு வெள்ளையா ஒரு புள்ளி. அவ்ளோ சூடும் அந்த மெல்லிசு தோலுக்குள்ளயே நடந்துருது, செராமிக்குக்கு சூட்ட தள்ளிவிட நேரமே கெடைக்கல. அதே எடத்துல 2 வாட் கம்போசிஷன் போட்டேன், மாசக்கணக்கா ஓடுது, கையில தொட்டா லேசா வெதுவெதுன்னு இருக்கும். 1 வாட்டுக்கு பதிலா 2 வாட் போட்டது ஒரு காரணம்தான், மறுக்கல, ஆனா முக்கிய காரணம் அங்க உருளை முழுக்க கரி, சூடு மொத்த ஒடம்புலயும் ஒரே நேரத்துல பரவுது. சுருள் இல்லாததால இண்டக்டன்ஸும் (கரன்ட் சட்டுனு மாறுறத எதிர்க்கிற குணம்) ரொம்ப கம்மி. அதனாலதான் சர்ஜ் வர்ற எடம், ஹை வோல்டேஜ் பல்ஸ், ஸ்னப்பர் (ஸ்விட்ச் ஆகும்போது வர்ற வோல்டேஜ் துள்ளல அடக்குற சர்க்யூட்) இதுக்கெல்லாம் இன்னும் தேடி வாங்குறாங்க. இந்த சோதனைய பாத்து யாரும் வெளையாட்டா பண்ணாதீங்க, 300 வோல்ட் ஏத்துன கெபாசிட்டர் ஆளக் கொல்லும், டிஸ்சார்ஜ் ஆயிருச்சான்னு மீட்டர் வச்சு பாக்காம கைய வைக்கக்கூடாது.

திரும்ப கிட்டுக்கு வர்றேன். வோல்டேஜ் லிமிட்ட யாரும் பாக்குறதில்ல, வாட்ட மட்டும்தான் பாக்குறாங்க. கால் வாட் கார்பன் ஃபிலிமுக்கு பொதுவா 250 வோல்ட்தான் உச்சம். 230 வோல்ட் மெயின்ஸ (வீட்டு ஏசி கரன்ட்ட) ரெக்டிஃபை பண்ணி டிசி ஆக்குனா 325 வோல்ட் வரும், அதுக்கு குறுக்க 1 மெக் போட்டா 0.1 வாட்தான், கால் வாட்டுல பாதி கூட இல்ல, ஆனா வோல்டேஜ் தாண்டிருச்சு. எஸ்எம்பிஎஸ் (டிவி, சார்ஜர்ல இருக்குற வகை பவர் சப்ளை) ரிப்பேர் பண்றவங்களுக்கு இது நல்லா தெரியும், சப்ளை ஆன் ஆகல, ஃப்யூஸ் நல்லாருக்கு, ஐசி நல்லாருக்கு, கடைசில பாத்தா ஐசிய மொதல்ல கெளப்பிவிடுற ஸ்டார்ட்அப் ரெசிஸ்டர் மெக் கணக்குல ஏறியோ ஓபன் ஆகியோ கெடக்கும். அங்க 470 கே ரெண்ட சீரியஸ்ல போடுங்க, வோல்டேஜ் பாதி பாதியா பிரிஞ்சுக்கும். மெயின்ஸ்ல நேரா வர்ற எடத்துல, ஃப்யூஸுக்கு பதிலா போடுற எடத்துல இந்த கிட்ட போடவே போடாதீங்க. 100 ஓமுக்கு 10 வோல்ட் குடுத்து பாத்தேன், அது 1 வாட், நாலு மடங்கு. அரை நிமிஷத்துல பெயின்ட் கருத்து, பொகை, மூக்க அரிக்கிற நாத்தம். அந்த எடத்துக்குன்னு தீப்புடிக்காத மெட்டல் ஆக்சைடு, ஃப்யூசிபிள் ரெசிஸ்டர் இருக்கு. கால் வாட்ங்கறதும் 70 டிகிரி வரைக்கும்தான், அதுக்கு மேல கொறஞ்சுக்கிட்டே போய் 155 டிகிரி பக்கத்துல ஒன்னுமே தாங்காது. மூடுன டப்பாக்குள்ள போடுறவங்க அந்த கால் வாட்டுல பாதிக்கு மேல ஏத்தாதீங்க, நான் எப்பவும் 0.125க்கு மேல போறதில்ல.

கிட்ல எனக்கு புடிக்காதது மூணு இருக்கு. மொதல்ல கால். ரொம்ப மெல்லிசு, பிரெட்போர்டுல சொருகுனா மடங்குது, சில ஓட்டையில நிக்கவே மாட்டேங்குது. காந்தம் வச்சு பாத்தேன், ஒட்டுது, அதாவது உள்ள இரும்பு, மேல செம்பு முலாம். சால்டர் புடிக்குறதுல கொறையில்ல, ஆனா ரெண்டு தடவ மடக்கி நிமித்துனா தொப்பி பக்கத்துல பட்டுனு ஒடையுது. பாடிக்கு ஒட்டி மடக்காம ரெண்டு மில்லிமீட்டர் விட்டு மடக்குங்க. அடுத்தது கலர் கோடு. பழுப்பு பாடி மேல பழுப்பு, செவப்பு, ஆரஞ்சு மூணும் மஞ்ச லைட்டுல ஒரே மாதிரி தெரியுது. 1 கேக்கு பழுப்பு கருப்பு செவப்பு, 10 கேக்கு பழுப்பு கருப்பு ஆரஞ்சு, ஒரே கோடுதான் வித்தியாசம். ஒரு ரிலே போர்டுல பேஸுக்கு 1 கேன்னு நெனச்சு 10 கே போட்டுட்டு, ரிலே பாதி இழுத்து டிரான்சிஸ்டர் சூடாகி, ஒரு சாயங்காலமே போச்சு. இப்ப போன் டார்ச் வெளிச்சத்துல பாத்துட்டு அளந்துட்டுதான் போடுறேன். மூணாவது, 2.2 கே கவர்லயும் 22 கே கவர்லயும் டேப் மாத்தி போட்டிருந்துச்சு. வித்தவங்களுக்கு போட்டோவோட எழுதுனேன், மூணு நாள் கழிச்சு கலர் கோட பாத்து எடுத்துக்கோங்கன்னு பதில் வந்துச்சு. புதுசா கத்துக்குற ஒருத்தர் கவர நம்பித்தான எடுப்பாங்க, அது எனக்கு சரியா படல.

வால்யூம் கன்ட்ரோல்ல வர்ற கரகரப்பும் கரி வேலதான், ஆனா அங்க கொற கரியில இல்ல, கரிப்பட்டை மேல ஓடுற கையில சேர்ற தூசியிலயும் தேய்மானத்துலயும். கிளீனர் அடிச்சு இருபது தடவ திருப்புனா பெரும்பாலும் போயிரும். ரிமோட் ரப்பர் பட்டனுக்கு அடியில இருக்குற கருப்பு பொட்டும் கரி கலந்த ரப்பர்தான்.

சூட்டுக்கு மாறுற குணத்த ஆராய்ச்சிக்காரங்க எப்டி எடுத்துக்கிட்டாங்கன்னு ஒன்னு சொல்லியே ஆகணும். திரவ ஹீலியம் 4.2 கெல்வின், கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரி. அந்த குளிர்ல மெட்டலோட ரெசிஸ்டன்ஸ் அடிமட்டத்துக்கு போய் அசையாம நின்னுரும், தெர்மாமீட்டரா யூஸ் பண்ண முடியாது. கரி அங்கதான் மடமடன்னு பல மடங்கு ஏறும், ஒரு டிகிரில பத்துல ஒரு பங்கு மாறுனா கூட மீட்டர்ல தெரியும். அதனால 1950கள்ல இருந்தே சாதாரண ஆலன் பிராட்லி ரேடியோ ரெசிஸ்டர குளிர் ஆய்வுக்கூடங்கள்ல தெர்மாமீட்டரா மாட்டுனாங்க. ரேடியோவுக்கு செஞ்ச பொருள் அது, இத படிச்ச அன்னைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

யாருக்கு சிபாரிசு பண்ணுவேன்னா, கத்துக்குறவங்க, எல்இடி ரிலே மைக்ரோகன்ட்ரோலர் போர்டு பண்றவங்க, பொது ரிப்பேர் பண்றவங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். கூடவே 1 கே, 10 கே, 100 கே மூணு மட்டும் மெட்டல் ஃபிலிம் 1 சதவீதத்துல தனியா வச்சுக்கோங்க, அளக்குற எடத்துக்கும் மைக் ஸ்டேஜுக்கும் அது போதும். 330 ஓமும் 10 கேவும்தான் மொதல்ல தீரும், எனக்கு நாலே மாசத்துல காலி. 20 பீஸ் பத்தாது, அந்த ரெண்டுலயும் நூறு குடுத்திருக்கணும். 5க்கு 4 குடுக்குறேன், கொறச்ச ஒன்னு காலுக்கும் அந்த பதிலுக்கும்.

கடைசியா ஈர சோதனை. வாங்குன வாரமே கிட்ல இருந்து 1 மெக் ரெண்டும், பழைய கம்போசிஷன் 100 கே ரெண்டும் எடுத்து அளந்து எழுதி, மூடியில ஓட்ட போட்ட டப்பால வச்சு குளியலறை அலமாரியில விட்டேன். நேத்து எடுத்து அளந்தேன். ஃபிலிம் 983 கே இருந்தது 985, இன்னொன்னு 979ல அப்டியே. கம்போசிஷன் 104 கே இருந்தது 113, 106 இருந்தது 117. கம்போசிஷன் ரெண்டையும் மட்டும் டேபிள் லேம்ப் சூட்டுல ஒரு ராத்திரி பூரா வச்சேன், காலைல ஆறவிட்டு அளந்தா 108ம் 111ம், பாதிக்கு வந்துருச்சு, முழுசா வரல. நாலையும் திரும்ப அதே டப்பால போட்டு வச்சிருக்கேன், அடுத்த வருஷம் அளந்து இங்கயே சேக்குறேன்.